கேபிளைப் பிடுங்கினால் கர்னல் உறைகிறது: பயன்பாட்டில் இருக்கும் சாதனத்தைக் கழற்றவிடாமல் மறுக்க முடியுமா?

கழற்றியகை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். தண்டர்போல்ட் கேபிள் வழியாக இணையும் வெளிப்பெட்டி ஒன்றில் இருக்கும் தரவுப் பதிவுக் கார்டுக்கு லினக்ஸ் இயக்கி, அதாவது இயக்குதளத்தின் மையமான கர்னலுக்குள் இருந்து அந்தக் கார்டோடு பேசும் மென்பொருள், எழுதி வருகிறேன். கார்டு வேலை செய்கிறது. அதிலிருந்து படிக்கும் நிரலும் வேலை செய்கிறது. நிரல் படித்துக்கொண்டிருக்கும்போதே யாராவது கேபிளைப் பிடுங்கிவிட்டால்தான் சிக்கல்.

அப்போது இரண்டில் ஒன்று நடக்கிறது. சில வேளைகளில் ஒரு சிபியு கோர் முழு வேகத்தில் சுற்றத் தொடங்குகிறது. ஏறத்தாழ 20 விநாடிகள் கழித்து அந்தக் கோர் சிக்கிக்கொண்டதாகக் கர்னல் எச்சரிக்கிறது. பிறகு கணினியை அணைத்துப் போடுவதைத் தவிர வழியில்லை. வேறு சில வேளைகளில் ஒன்றுமே நடக்காததுபோல் எல்லாம் அமைதியாக இருக்கிறது. பின்னர் நான் சாவகாசமாக அந்த நிரலை மூடும்போது கர்னல் விழுகிறது. பிடுங்கியதற்கும் விழுந்ததற்கும் இடையே அரை மணி நேரம்கூடக் கழிந்திருக்கிறது.

சாதனத்தின் கோப்பை நிரல் திறந்து வைத்திருக்கும் வரை மாட்யூலின் (கர்னலில் ஏற்றப்பட்ட என் இயக்கியின்) பயன்பாட்டு எண்ணிக்கையை உயர்த்தி வைத்தால் கர்னல் கழற்றவிடாது என்று நம்பினேன். மாட்யூலை இறக்கச் சொல்லும் கட்டளையை அது ஒழுங்காகவே மறுக்கிறது. ஆனால் கேபிள் அதைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. பயன்பாட்டில் இருக்கும் சாதனத்தைக் கழற்ற முடியாது என்று கர்னலைச் சொல்லவைக்க வழி இருக்கிறதா?

பழையகர்னல்

மறுக்க வேண்டுமானால் முதலில் யாராவது அனுமதி கேட்டிருக்க வேண்டும். கேபிளைப் பிடுங்கியவர் யாரையும் கேட்கவில்லை.

மாட்யூல் எண்ணிக்கை காப்பது உங்கள் இயக்கியின் நிரல்வரிகள் இருக்கும் நினைவகத்தை மட்டுமே. சாதனம் இருக்கிறதா, போய்விட்டதா என்பதற்கும் அந்த எண்ணிக்கைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பிசிஐ (கார்டுகள் கணினியோடு இணையும் பாதை) இயக்கியில், சாதனம் போகும்போது கர்னல் அழைக்கும் ரிமூவ் செயற்கூறு எந்த மதிப்பையும் திருப்பித் தராது. யூஎஸ்பி இயக்கியின் டிஸ்கனெக்ட்டும் அப்படியே. "முடியாது" என்று சொல்வதற்கு அங்கே இடமே வைக்கப்படவில்லை. பலகையிலேயே பதிந்திருக்கும் சாதனங்களுக்கான பிளாட்ஃபார்ம் இயக்கிகளின் ரிமூவ் மட்டும் நெடுங்காலம் ஒரு முழு எண்ணைத் திருப்பித் தந்துகொண்டிருந்தது. கர்னல் அந்த எண்ணைப் பொருட்படுத்தாமல் சாதனத்தைப் பிரித்துவிடும். பிழை எண்ணைத் தந்தால் பிரிப்பது நின்றுவிடும் என்று நம்பிய இயக்கிகள் பாதி வேலையில் திரும்பிவந்து நினைவகத்தைக் கசியவிட்டன. 2024இல் அந்தத் திருப்பு மதிப்பையே எடுத்துவிட்டார்கள்.

உங்கள் இரண்டு அறிகுறிகளுக்கும் இரண்டு வெவ்வேறு காரணங்கள் இருக்கும். முதலாவதைப் பார்ப்போம். ரிமூவ் செயற்கூற்றில் கார்டுடன் என்ன பேசுகிறீர்கள்?

கழற்றியகை

ரீசெட் கட்டளையை எழுதுகிறேன். பிறகு நிலை ரெஜிஸ்டரை (கார்டு தன் நிலையைக் காட்டும் சிறு நினைவிடம்) படித்து, "வேலையில் இருக்கிறேன்" என்று காட்டும் பிட் பூஜ்யமாகும் வரை சுற்றுகிறேன். அது பூஜ்யமானதும் டிஎம்ஏ நினைவகத்தை (சிபியுவின் துணையின்றிக் கார்டு நேரடியாக எழுதும் இடம்) விடுவிக்கிறேன். வன்பொருள் கையேடு சொல்லும் வரிசை இதுதான்.

இணைப்புமுள்

நான் மின்னணுப் பக்கத்தைச் சேர்ந்தவன். அந்தப் பக்கத்திலிருந்து என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒரு ரெஜிஸ்டரைப் படிப்பது என்பது ஒரு கேள்விப் பொட்டலத்தை அனுப்பிவிட்டுப் பதில் பொட்டலத்துக்காகக் காத்திருப்பது. அந்தப் பக்கம் கார்டே இல்லை என்றால் பதில் வராது. ஆனால் சிபியுவோ ஒரு மதிப்பை எதிர்பார்த்து நிற்கிறது. எனவே மேலே, சிபியுவையும் பிசிஐ எக்ஸ்பிரஸையும் இணைக்கும் ரூட் காம்ப்ளெக்ஸ் தானே ஒரு பதிலைப் புனைந்து தந்துவிடுகிறது: எல்லாப் பிட்டுகளும் ஒன்று. 32 பிட் ரெஜிஸ்டராக இருந்தால் உங்கள் கைக்கு வருவது 4294967295. அந்த மதிப்பில் "வேலையில் இருக்கிறேன்" பிட்டும் ஒன்றுதான். நீங்கள் எத்தனை முறை கேட்டாலும் ஒன்றுதான். இல்லாத கார்டு தன் வேலையை முடிக்கட்டும் என்று உங்கள் சிபியு காத்துக்கொண்டிருக்கிறது.

எழுதுவதில் அந்த அடையாளம்கூடக் கிடைக்காது. நினைவக எழுத்துகளுக்குப் பதில் பொட்டலமே கிடையாது, அனுப்பியதோடு சரி. உங்கள் ரீசெட் கட்டளை காற்றில் போயிருக்கும். இயக்கிக்கு அது தெரிந்திருக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள்: எல்லாத் தளங்களும் ஒன்றுகளைத் தந்து ஏமாற்றுவதில்லை. சில ஏஆர்எம் சிப்புகளில் இதே படிப்பு சிபியுவிலேயே ஒரு பிழைப் பொறியைக் கிளப்பிவிடும். அங்கே சுற்றுவதற்குக்கூட வாய்ப்பில்லை, நேராக விழ வேண்டியதுதான்.

முன்னறிவிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இணைப்பிகளை வடிவமைத்தவர்கள் இதை யோசிக்காமல் இல்லை. யூஎஸ்பி ஏ வகைப் பிளக்கைப் பக்கவாட்டில் பிடித்து உள்ளே பாருங்கள்: ஓரத்தில் இருக்கும் மின்சார, தரை முனைகள் இரண்டும் நடுவில் இருக்கும் தரவு முனைகளைவிட நீளமாக இருக்கும். உருவும்போது தரவு முதலில் அறுந்து, மின்சாரம் பிறகே அறும். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் "கார்டு இருக்கிறது" என்று காட்டும் முள் மற்றவற்றைவிடக் குட்டை. கழற்றும்போது முதலில் விலகுவது அதுதான். ஆனால் இந்த நீள வித்தியாசத்தால் கிடைக்கும் அவகாசம் மின்சுற்றுக்குப் போதுமே தவிர மென்பொருளுக்குப் போதாது. தண்டர்போல்ட்டில் ஒரு கேபிளோடு அதற்குக் கீழே சங்கிலியாகக் கோத்திருக்கும் பிசிஐ மரம் முழுவதும் ஒரே நேரத்தில் காணாமல் போகிறது.

பழையகர்னல்

நண்பர் சொன்னதில் ஒரு வரியைச் சேர்க்கிறேன். சுற்றிக் காத்திருக்கும் இடத்தில் மட்டும் ஆபத்து இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். கார்டு தரும் எண்ணை அப்படியே அணிக் குறியீடாகப் பயன்படுத்தும் இயக்கிகள் இருக்கின்றன. வளையத் தாங்கியின் (சுற்றிச் சுற்றி நிரப்பப்படும் தரவு வரிசை) தலை எங்கே என்று கேட்டால் 4294967295 என்று பதில் வரும், உடனே அந்த இடத்தில் எழுதப் போவார்கள். இன்டரப்ட் (கார்டு சிபியுவை அழைக்கும் சமிக்ஞை) நிலை ரெஜிஸ்டரைப் படித்து, எல்லாப் பிட்டுகளும் எரிவதைக் கண்டு, இருக்கிற எல்லாக் கையாள்களையும் வரிசையாக அழைப்பவர்களும் இருக்கிறார்கள்.

தீர்வு எளிமையானது, ஆனால் அதன் வரிசை முக்கியம். படிப்பதற்கு முன்பு "கார்டு இருக்கிறதா?" என்று கேட்பதால் பெரிய பயனில்லை, பதில் வந்த மறுகணமே கேபிள் உருவப்படலாம். படித்த பிறகு, கிடைத்த மதிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எல்லாம் ஒன்றாக இருந்து, அந்த ரெஜிஸ்டருக்கு அது நியாயமான மதிப்பாகவும் இருக்கக்கூடும் என்றால், ஒருபோதும் அப்படி இருக்க முடியாத இன்னொன்றைப் படியுங்கள். உற்பத்தியாளர் எண் அதற்கு உகந்தது, ஏனென்றால் எல்லாம் ஒன்று என்ற எண் யாருக்கும் ஒதுக்கப்படுவதில்லை. கார்டுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கால வரம்பு வையுங்கள். கையேடு வரம்பு சொல்லவில்லை என்றால் நீங்களே ஒன்றை முடிவு செய்யுங்கள்.

இத்துடன் முதல் அறிகுறி தீரும். இரண்டாவது, ரெஜிஸ்டருக்குத் தொடர்பில்லாத வேறு நோய். உங்கள் இயக்கியின் சொந்தக் கட்டமைப்பை (அதன் தகவல்களை வைத்திருக்கும் நினைவகத் தொகுதி) எங்கே ஒதுக்குகிறீர்கள்?

கழற்றியகை

சாதனம் இணையும்போது கர்னல் அழைக்கும் புரோப் செயற்கூற்றில், டெவ்எம் ஒதுக்கீட்டின் மூலம். எல்லாப் புதிய இயக்கிகளும் அப்படித்தானே செய்கின்றன? சாதனம் போகும்போது தானாக விடுபட்டுவிடும் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

பழையகர்னல்

அது தானாக விடுபடுவதுதான் சிக்கல்.

நடப்பதை வரிசையாகப் பாருங்கள். உங்கள் நிரல் சாதனக் கோப்பைத் திறக்கிறது. திறந்த கோப்பின் உள்ளே, உங்கள் கட்டமைப்பைக் காட்டும் பாயிண்டர் ஒன்றை வைக்கிறீர்கள். கேபிள் பிடுங்கப்படுகிறது. கழற்றலைக் கவனிக்கும் ஹாட்பிளக் த்ரெட் ரிமூவை அழைக்கிறது. ரிமூவ் முடிந்ததும் டெவ்எம் தன் கடமையைச் செய்து அந்தக் கட்டமைப்பை விடுவிக்கிறது. நிரலுக்கு இது எதுவும் தெரியாது. கோப்பு இன்னும் திறந்தே இருக்கிறது, அதில் உள்ள பாயிண்டரும் பழைய முகவரியையே காட்டுகிறது. அந்த இடத்தை இதற்குள் வேறு யாரோ வாங்கிக்கொண்டிருப்பார்கள். அரை மணி நேரம் கழித்து நீங்கள் நிரலை மூடுகிறீர்கள். உங்கள் ரிலீஸ் செயற்கூறு அந்த முகவரியில் இருக்கும் பூட்டைப் பிடிக்கப் போகிறது. அங்கே பூட்டு இல்லை.

சாதனம் மறைவது, இயக்கி அதிலிருந்து பிரிவது, கடைசிப் பயனர் கையை விடுவது என்று இங்கே மூன்று நிகழ்வுகள் இருக்கின்றன. புரோப்பைத் தலைகீழாக எழுதினால் ரிமூவ் கிடைத்துவிடும் என்று எண்ணுகிறவர்கள் இந்த மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். முதல் நிகழ்வின் நேரத்தை உலகம் முடிவு செய்கிறது, இரண்டாவதைக் கர்னல், மூன்றாவதைப் பயனர். மூன்றாவது எவ்வளவு தாமதமாகவும் வரலாம். நிரல் ஒரு வாரம் மூடப்படாமலே கிடக்கலாம்.

கேஸன் என்ற நினைவகப் பிழை காட்டும் கருவியை இயக்கிய கர்னலில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். விடுவிக்கப்பட்ட இடத்தைத் தொட்டது எந்த வரி, அதை விடுவித்தது எந்த வரி என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடும்.

துருப்பிடித்தவன்

டெவ்எம் ஒதுக்கீட்டையே தடை செய்ய வேண்டும் என்று நான் பல காலமாகச் சொல்லிவருகிறேன். ரஸ்ட் மொழியில் எழுதப்படும் கர்னல் இயக்கிகளில், சாதனத்தின் ரெஜிஸ்டர் பகுதி திரும்பப் பெறக்கூடிய ஓர் உறைக்குள் வைக்கப்படுகிறது. அதைத் தொடும் ஒவ்வொரு முறையும் "இன்னும் செல்லுமா?" என்று கேட்டுத்தான் உள்ளே போக முடியும், கேட்க மறந்தால் நிரல் தொகுக்கப்படாது. இந்த வகைப் பிழையை மனித ஒழுக்கத்தை நம்பி ஒழிக்க முடியாது.

பழையகர்னல்

தொகுப்பியே மறதியைப் பிடித்துவிடும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் டெவ்எம்மை முழுவதுமாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. ரெஜிஸ்டர் வரைபடம், இன்டரப்ட், கடிகாரம், மின்வழங்கி ஆகியவை இயக்கி பிரியும் கணத்திலேயே போக வேண்டியவை. அவற்றுக்கு டெவ்எம் பொருத்தமான கருவி. பயனரின் கோப்பு காட்டிக்கொண்டிருக்கும் நினைவகம் மட்டும் அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. இரண்டையும் ஒரே கட்டமைப்பில் திணித்ததுதான் தவறு.

இழை தொடங்கியவருக்கு: கட்டமைப்பை இரண்டாகப் பிரியுங்கள். கார்டு தொடர்பானவை ஒன்றில் இருக்கட்டும். அது ரிமூவோடு சாகட்டும். பயனர் தொடர்பானவை இன்னொன்றில் இருக்கட்டும். அதற்குக் கேரெஃப் எண்ணிக்கை (எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கு) வைத்து, திறக்கும்போது கூட்டி, மூடும்போது குறைத்து, கடைசியாகக் கையை விடுபவர் விடுவிக்கும்படி செய்யுங்கள். இரண்டாவதில் "கார்டு போய்விட்டது" என்ற கொடி ஒன்று இருக்க வேண்டும். ரீட், ரைட், ஐயாக்டில் (சாதனக் கட்டளை) என்று ஒவ்வொரு நுழைவாயிலும் அதைப் பார்த்து ஈநோடெவ் (சாதனம் இல்லை) என்ற பிழையோடு திரும்ப வேண்டும்.

கொடியை வெறுமனே படிப்பதும் போதாது. படித்து உள்ளே நுழைந்த பிறகு ரிமூவ் வந்து முடிந்துவிட்டால் என்ன செய்வது? திரைக்கார்டுகளைக் கையாளும் டிஆர்எம் பகுதி இதற்கு எஸ்ஆர்சியு என்ற கர்னல் ஒத்திசைவு முறையைப் பயன்படுத்துகிறது: நுழையும்போது ஒரு குறி, வெளியேறும்போது ஒரு குறி, ரிமூவ் முதலில் கொடியை ஏற்றிவிட்டு, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் வெளியேறும் வரை காத்திருக்கிறது. அந்தச் சிறு நிரலை எடுத்துப் படியுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வராது.

வேறுகரை

நான் பல ஆண்டுகள் விண்டோஸ் இயக்கிகள் எழுதியவன். இந்த இழையைப் படிக்கையில் எனக்குச் சற்றுச் சிரிப்பு வருகிறது. ஏனென்றால் நீங்கள் சிரமப்பட்டுப் பிரித்துக் காட்டும் நிகழ்வுகள் விண்டோஸ் 2000 முதலே தனித்தனிச் செய்திகளாக இயக்கிக்கு வந்துகொண்டிருக்கின்றன.

ஒழுங்கான கழற்றலுக்கு முதலில் "கழற்றலாமா?" என்ற வினவல் வரும். இயக்கி மறுக்கலாம்; சாதனத்தைத் திறந்து வைத்திருக்கும் நிரலும் மறுக்கலாம். "சாதனம் பயன்பாட்டில் உள்ளது" என்று திரையில் வரும் அறிவிப்பு அந்த மறுப்பின் விளைவுதான். யாரும் மறுக்காவிட்டால்தான் "கழற்று" என்ற செய்தி வரும். யாரும் கேட்காமல் பிடுங்கினால் வருவது வேறு செய்தி: திடீர்க் கழற்றல். அது வந்ததும் இயக்கி நிலுவையில் உள்ள வேலைகளைத் தோல்வியாக முடித்து, வன்பொருளைத் தொடுவதை நிறுத்திவிட வேண்டும். சாதனத்தைத் திறந்து வைத்திருக்கும் கைப்பிடிகள் எல்லாம் மூடப்பட்ட பிறகுதான் இறுதியான "கழற்று" வரும். நினைவகத்தை விடுவிப்பது அப்போதுதான். மேலே சொன்ன எஸ்ஆர்சியு வேலைக்கு அங்கே ரிமூவ் லாக் என்ற ஆயத்தப் பொருளே இருக்கிறது.

ஆகவே, "மறுக்க முடியுமா?" என்ற கேள்வியை அபத்தமானது என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஒழுங்கான கழற்றலில் மறுப்புக்கு நிச்சயம் இடம் உண்டு. லினக்ஸ் அந்த வினவலை விட்டுவிட்டு, திடீர்க் கழற்றலையும் இறுதிக் கழற்றலையும் ஒரே ரிமூவுக்குள் அடைத்து, மிச்சத்தை ஒவ்வொரு இயக்கி எழுத்தாளரின் தலையிலும் போட்டுவிட்டது. அதன் விளைவைத்தான் இழை தொடங்கியவர் அனுபவிக்கிறார்.

பழையகர்னல்

கடைசிப் பத்தியில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பிஎஸ்டியில் திறந்திருக்கும் கோப்பைப் பயனரிடமிருந்து பறிக்க ரிவோக் என்ற கணினி அழைப்பு வெகுகாலமாக இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியில் சாதனக் கோப்பை அழிக்கும் செயற்கூறு, இயக்கிக்குள் இருக்கும் எல்லா த்ரெட்டுகளும் வெளியேறும் வரை தானே காத்திருக்கும். லினக்ஸில் பொதுவான ரிவோக்கைச் சேர்க்க 2000களின் பிற்பாதியில் முயற்சிகள் நடந்தன; அவை ஏற்கப்படவில்லை.

ஆனால் வினவல் இல்லாததை நான் குறையாகப் பார்க்கவில்லை. திடீர்க் கழற்றலைத் தாங்கும் இயக்கிக்கு ஒழுங்கான கழற்றல் தானாகவே கைவரும். வினவலை மட்டும் நம்பி எழுதப்பட்ட இயக்கி திடீர்க் கழற்றலில் விழும். ஒரே ஒரு பாதை இருந்தால், சோதிக்கப்படும் பாதையும் அதுவாகவே இருக்கும்.

கோப்புமுறைக்காரர்

சேமிப்புச் சாதனத்தில் அந்த வாதம் எடுபடாது. உங்கள் பதிவுக் கார்டு போனால் போவது இனி வரவிருந்த தரவு. வட்டு போனால் போவது பயனர் ஏற்கெனவே "சேமித்துவிட்டேன்" என்று நம்பிக்கொண்டிருக்கும் தரவு.

லினக்ஸில் எழுதப்பட்ட பக்கங்கள் இயல்பாக 30 விநாடிகள் வரை நினைவகத்திலேயே கிடக்கலாம். அவற்றை வெளியேற்றும் த்ரெட் 5 விநாடிக்கு ஒருமுறை எழுந்து, வயதானவற்றை வட்டுக்கு அனுப்புகிறது. அந்த இடைவெளியில் யூஎஸ்பி வட்டைப் பிடுங்கினால், இயக்கி எவ்வளவு நேர்த்தியாக எழுதப்பட்டிருந்தாலும், நகலெடுத்த கோப்பு வட்டில் இருக்காது. இங்கே யாராவது முன்கூட்டியே கேட்டுத்தான் ஆக வேண்டும். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு வெளிப்புற வட்டுகளுக்கான இயல்புநிலையை "விரைவுக் கழற்றல்" என்று மாற்றியது: எழுதுவதைத் தாமதிக்கும் தற்காலிக நினைவகம் அங்கே கிடையாது, வேகம் குறையும், ஆனால் கேட்காமல் உருவினாலும் இழப்பு குறைவு. கேட்காமல் உருவுவதுதான் மனித இயல்பு என்பதை அவர்களே ஒத்துக்கொண்டதாக நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

வட்டு போன பிறகு கோப்புமுறைமை என்ன செய்கிறது என்பது தனிக் கதை. நெடுங்காலம் அதற்கு யாரும் எதுவும் சொன்னதில்லை. அடுத்த முறை எழுதப் போய்ப் பிழை வாங்கித்தான் தெரிந்துகொள்ளும். 2023இல்தான், வட்டுகளைக் கையாளும் பிளாக் அடுக்கு தன் மேலிருக்கும் உரிமையாளரை அழைத்து "உன் சாதனம் செத்துவிட்டது" என்று சொல்லும் வழி லினக்ஸில் வந்தது. எக்ஸ்எஃப்எஸ், இஎக்ஸ்டி4 போன்ற கோப்புமுறைமைகள் அந்தச் செய்தி கிடைத்ததும் தங்களை மூடிக்கொள்கின்றன. பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியே இணையும் என்விஎம்இ வட்டில் ஒரு வேண்டுகோளுக்கான இயல்பான கால வரம்பு 30 விநாடிகள். வட்டு இல்லை என்று தெரிந்தபின்னும் இயக்கி ஒவ்வொன்றுக்கும் அந்த வரம்பு வரை காத்திருந்தால், பின்னால் நிற்பவர்கள் எல்லாரும் உறைந்துபோவார்கள். எனவே நிலுவையில் இருப்பவற்றைத் தேடிப்பிடித்து உடனே தோல்வியடையச் செய்வது ரிமூவின் கடமை.

இணைப்புமுள்

சர்வர் ஸ்லாட்டுகளில் கேட்டுக் கழற்றும் முறை பிசிஐ எக்ஸ்பிரஸ் தரத்திலேயே இருக்கிறது. ஸ்லாட்டின் ஓரத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் மின்விளக்கு சிமிட்டத் தொடங்கும். 5 விநாடிக்குள் மறுபடி அழுத்தினால் கைவிட்டதாகப் பொருள். அழுத்தாவிட்டால் கர்னல் இயக்கியைப் பிரித்து, மின்சாரத்தை நிறுத்தி, விளக்கை அணைக்கும். விளக்கு அணைந்த பிறகே கார்டை உருவ வேண்டும். பொத்தானை அழுத்திவிட்டு விளக்கைப் பார்க்காமலே உருவியவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கழற்றியகை

மிக்க நன்றி. கட்டமைப்பைப் பிரிக்கத் தொடங்கிவிட்டேன். ஒன்று மட்டும் இடிக்கிறது: என் நிரல் கார்டின் ரெஜிஸ்டர் பகுதியின் ஒரு பக்கத்தை எம்மேப் என்ற கணினி அழைப்பின் மூலம் நேரடியாகத் தன் முகவரி வெளியில் வைத்துக்கொள்கிறது. அந்த வழியில் போகும் படிப்பு என் நுழைவாயில் எதையும் தொடுவதில்லையே. கொடியை யார் பார்ப்பது?

பழையகர்னல்

யாரும் பார்க்க மாட்டார்கள். ஆகவே ரிமூவில் அந்த எம்மேப் இணைப்புகளை நீங்களே பயனரின் முகவரி வெளியிலிருந்து பிய்த்தெடுக்க வேண்டும். அடுத்த முறை அவர் தொடும்போது பக்கப் பிழை உங்கள் கையாளுக்கு வரும். அங்கே உங்களுக்கு இரண்டு வழிகள்: நிரலைக் கொல்லக்கூடிய சிக்பஸ் சிக்னலை அனுப்பலாம்; அல்லது ஒரு வெற்றுப் பக்கத்தை மாட்டிவிட்டு, படிப்பவர் குப்பையைப் படிக்கட்டும் என்று விடலாம். டிஆர்எம் ஆவணம் முதல் வழியை வெளிப்படையாகவே நிராகரிக்கிறது: சிக்னல் கையாள் நிரல் முழுமைக்கும் பொதுவானது, நூலகங்கள் அதை நம்பி எழுத முடியாது, எனவே திரைக்கார்டு போனதற்காகப் பயனரின் மொத்த வேலைத்தளமும் சாகக் கூடாது என்பது அவர்கள் கருத்து. உங்கள் கார்டைப் பயன்படுத்துவது ஒரே ஒரு நிரல். அதை எழுதுபவரும் நீங்களே. சிக்பஸ் போதும் என்பது என் எண்ணம். பதிவுக் கருவி பிழையில்லாமல் குப்பையைப் பதிவு செய்வதைவிட அது செத்துப்போவது மேல்.

ரிமூவின் வரிசையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. டைமர் ஒன்று வேலை வரிசையைத் தூண்டி, அந்த வேலை மறுபடி டைமரை ஏற்றும்படி எழுதியிருக்கிறீர்களா? எழுதியிருந்தால், டைமரை நிறுத்திவிட்டு வேலையை நிறுத்தப் போகும் இடைவெளியில் அந்த வேலை டைமரைத் திரும்ப ஏற்றிவிடும். வரிசையை மாற்றினாலும் அதே கதைதான். ஒருமுறை மூடிய டைமரை மீண்டும் ஏற்ற முடியாதபடி செய்யும் செயற்கூறு லினக்ஸ் 6.2 பதிப்பில்தான் வந்தது, அதைப் பயன்படுத்துங்கள். அதேபோல், ரிமூவில் ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டே சிஸ்எஃப்எஸ் கோப்புகளை (கர்னல் சாதனங்களின் நிலையைக் காட்டும் கோப்புகள்) நீக்காதீர்கள். அந்தக் கோப்பைப் படிக்கும் செயற்கூறும் அதே பூட்டைக் கேட்டு நின்றால், நீக்குபவர் படிப்பவருக்காகவும், படிப்பவர் பூட்டுக்காகவும் காத்துக் கிடப்பார்கள்.

வேறுகரை

லினக்ஸ் கர்னல் உண்மையிலேயே "முடியாது" என்று சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் இங்கே சொல்லவில்லை. நினைவகத்தை ஓடும்போதே எடுப்பது. சிறு துண்டுகளாக, எக்ஸ்86 கணினிகளில் பொதுவாக 128 எம்பி அளவில், ஒரு பகுதியை விலக்கச் சொன்னால், கர்னல் அதில் உள்ள பக்கங்களை வேறிடத்துக்குக் குடிபெயர்க்க முயலும். பயனர் பக்கங்கள் நகரும். கர்னல் தனக்காக ஒதுக்கிக்கொண்டவற்றில் பல நகராது, ஏனென்றால் அவற்றின் முகவரியை எங்கெங்கோ பாயிண்டர்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரே ஒரு நகராத பக்கம் இருந்தாலும் போதும், வேண்டுகோள் தோற்றுவிடும். அதனால்தான் எடுக்க உத்தேசித்திருக்கும் நினைவகத்தை ஆரம்பத்திலேயே நகரக்கூடிய மண்டலத்தில் சேர்த்துவிடுகிறார்கள்.

பழையகர்னல்

நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அங்கே கேட்பது ஓர் ஆள், கேட்கும் இடம் ஒரு சிஸ்எஃப்எஸ் கோப்பு. யாரும் நினைவகக் குச்சியை உருவிவிட்டு அனுமதி கேட்பதில்லை.

சோதனைக்கு வருவோம். சிஸ்எஃப்எஸ் வழியாக அன்பைண்ட் செய்வது (இயக்கியைப் பிரிப்பது), அல்லது சாதனத்தின் ரிமூவ் கோப்பில் ஒன்று என்று எழுதுவது, இரண்டும் ஆயுள் சார்ந்த பிழைகளைப் பிடிக்கும். ஆனால் கார்டு அப்போதும் அங்கேயே இருந்து சரியான பதில்களைத் தந்துகொண்டிருக்கும், எனவே ஒன்றுகளின் கதை சோதிக்கப்படாமல் போகும். அதற்கு, மேலே இருக்கும் போர்ட்டின் லிங்க் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் லிங்க் முடக்கும் பிட்டை செட்பிசிஐ கட்டளை கொண்டு ஏற்றுங்கள். கேபிளைத் தொடாமலே பிடுங்கியதற்கு மிக நெருக்கமான நிலை கிடைக்கும். கர்னலை அமைக்கும்போது கேஆப்ஜெக்ட் (கர்னல் பொருள்) விடுவிப்பை வேண்டுமென்றே சில விநாடிகள் தாமதப்படுத்தும் தேர்வையும் இயக்கிவிடுங்கள். "உடனே விடுபட்டிருக்கும்" என்று எங்கெல்லாம் ரகசியமாக நம்பியிருக்கிறீர்களோ அங்கெல்லாம் அது உடைத்துக் காட்டும்.

கழற்றியகை

நான்கு நாள்கள் கழித்து எழுதுகிறேன். கால வரம்பு, பிரித்த கட்டமைப்பு, எஸ்ஆர்சியு நுழைவாயில், எம்மேப் பிய்த்தல் எல்லாம் முடிந்தன. லிங்க்கை முடக்கிச் சோதித்தேன்: நிரல் சும்மா திறந்து வைத்திருந்தால் எல்லாம் சரி. தரவுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் முடக்கினால், ரிமூவ் திரும்பி வரவே இல்லை. சிபியு சுற்றவில்லை, அமைதியாகத் தூங்குகிறது.

அடுக்குத் தடத்தை (எந்தச் செயற்கூறு எங்கே நிற்கிறது என்ற பட்டியல்) எடுத்துப் பார்த்தபோது புரிந்தது. ரீட் செயற்கூறு குறியிட்டு உள்ளே நுழைந்து, இன்டரப்ட் வந்து எழுப்பட்டும் என்று காத்திருப்பு வரிசையில் தூங்குகிறது. ரிமூவ் கொடியை ஏற்றிவிட்டு, உள்ளே இருப்பவர் வெளியேறட்டும் என்று காத்திருக்கிறது. இன்டரப்ட் அனுப்ப வேண்டிய கார்டோ இல்லை.

பழையகர்னல்

கொடியை ஏற்றிய உடனே, காத்திருக்கத் தொடங்கும் முன்பு, வரிசையில் தூங்கும் அனைவரையும் எழுப்புங்கள். தூங்குபவரின் நிபந்தனையில் "தரவு வந்ததா" என்பதோடு "கார்டு போனதா" என்பதையும் சேருங்கள். தரவு வந்ததா என்று நிரல் காத்திருந்து கேட்கும் போல் செயற்கூற்றில், இணைப்பு அறுந்ததைக் குறிக்கும் இபோல்ஹப் பிட்டையும் திருப்பித் தர மறக்க வேண்டாம். இல்லையென்றால் ரீட்டை அழைக்காமல் போலில் மட்டும் நிற்பவர் எழுந்ததும் திரும்பத் தூங்கிவிடுவார்.

கழற்றியகை

செய்துவிட்டேன். இன்று முற்பகல் முழுவதும் லிங்க்கை முடக்கியும், கேபிளைக் கையால் பிடுங்கியும் பார்த்தேன். கர்னல் ஒருமுறைகூட விழவில்லை, கேஸன் வாய் திறக்கவில்லை. ரிமூவ் சட்டென்று முடிகிறது. நிரலுக்கு ஈநோடெவ் போகிறது.

ஆனால் ஒரு கோர் மறுபடியும் முழு வேகத்தில் சுற்றுகிறது. இம்முறை கர்னல் அல்ல, என் நிரல்தான். எந்தப் பிழை வந்தாலும் உடனே மீண்டும் படிக்கும்படி முன்பு நானே எழுதி வைத்திருக்கிறேன். அந்தச் சுற்றைத் திருத்திவிட்டு வருகிறேன்.